வழக்கு இருக்கிறது, தேர்தல் வருகிறது: முன்னாள் முதல்வர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நெருங்கினால் ஏதாவது ஒரு மாநிலத்தில் முன்னாள் முதல்வர் ஒருவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகும், அல்லது அவர் கைதாவார். உடனே எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள். அவரால் நிற்க முடியுமா? நின்றால் ஜெயிப்பாரா? முதல் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு நம் தேர்தல் வரலாற்றில் ஓரளவு இருக்கிறது. இரண்டையும் புரிந்துகொள்ள ஜெயலலிதா மீதான வழக்குகளைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 1996-ல் தொடங்கி, அவர் மறைந்த பிறகு 2017-ல்தான் அவை ஒரு முடிவுக்கு வந்தன. இடையில் அவர் சிறைக்குப் போனார், பதவியை இழந்தார், திரும்பவும் ஆட்சிக்கு வந்தார். அதனால் பெரும்பாலான பதில்களை அந்த வழக்குகளை வைத்தே சொல்கிறேன். தேவையான இடங்களில் மற்ற மாநிலத் தலைவர்களும் வருவார்கள்.

வழக்கு நிலுவையில் இருப்பவர் தேர்தலில் போட்டியிடலாமா?

போட்டியிடலாம். முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தாலும், குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தாலும், நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்து சாட்சி விசாரணையே நடந்துகொண்டிருந்தாலும் தடை இல்லை. ஒரு வழக்கா ஐம்பது வழக்கா என்பதும் கணக்கில் வராது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 8-ஆவது பிரிவில், குற்றவாளி என்று தீர்ப்பு வந்தவரை மட்டுமே தடுக்கிறது. "இவ்வளவு வழக்கு இருக்கிறதே, மனுவை எப்படி ஏற்றார்கள்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தேர்தல் நடத்தும் அலுவலர் பார்ப்பது தீர்ப்பு வந்திருக்கிறதா என்பதைத்தான். வழக்கு இருக்கிறதா என்பது அவர் வேலை அல்ல.

எவ்வளவு தண்டனை என்றால் தடை வரும்?

பொதுவான விதி: எந்தக் குற்றமாக இருந்தாலும் இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால், தீர்ப்பு வந்த நாளிலிருந்தே தகுதி போய்விடும். சிறையிலிருந்து விடுதலையான பிறகும் ஆறு ஆண்டுகள் அந்தத் தடை நீடிக்கும். பலர் இந்த இடத்தில் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். ஆறு ஆண்டுகள் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, விடுதலையான நாளிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. நான்கு ஆண்டு தண்டனை என்றால் மொத்தம் பத்து ஆண்டுகள் களத்துக்கு வெளியே.

சில குற்றங்களுக்கு இந்த இரண்டு ஆண்டு வரம்பு கிடையாது. ஊழல் தடுப்புச் சட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதில் குற்றவாளி என்று தீர்ப்பானால், அபராதம் மட்டும் விதித்திருந்தாலும் ஆறு ஆண்டு தடை. ஆனால் ஊழல் தடுப்புச் சட்டம் அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2003-ல்தான். அதற்கு முன்பு நிலைமை வேறு. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைய சட்டப்படி அது அவருடைய தேர்தல் தகுதியைத் தொடவில்லை. அந்தத் தீர்ப்பு வந்த அன்று தருமபுரி அருகே கல்லூரிப் பேருந்து ஒன்று எரிக்கப்பட்டதில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் உயிரிழந்தார்கள். ஒரு தலைவர் மீதான தீர்ப்புக்கு, அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத மூன்று குடும்பங்கள் பலியாயின. இந்த வழக்குகளைப் பற்றிப் பேசும்போது அந்த மாணவிகளை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஜாமீன் கிடைத்துவிட்டால் தடை விலகிவிடுமா?

விலகாது. இதில்தான் அதிகக் குழப்பம் இருக்கிறது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விதமாக நிவாரணம் தரலாம். ஒன்று, தண்டனையை நிறுத்திவைப்பது. அப்படிச் செய்தால் அவர் சிறைக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும், தடையும் நிற்கும். இன்னொன்று, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைப்பது. அது கிடைத்தால்தான் தேர்தல் தகுதி திரும்பும். நீதிமன்றங்கள் முதலாவதை எளிதாகத் தருகின்றன. இரண்டாவதைத் தர வலுவான காரணம் கேட்கின்றன.

அண்மைய உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. அமைச்சராக இருந்த பொன்முடிக்குச் சொத்துக்குவிப்பு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் மூன்று ஆண்டு தண்டனை விதித்தது. பதவி போயிற்று. 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்திவைத்தது, தகுதி திரும்பியது. அதற்குப் பிறகும் பதவிப் பிரமாணம் செய்துவைக்க ஆளுநர் மறுத்தார். உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்த பிறகே மார்ச் 22 அன்று அவர் அமைச்சராகப் பொறுப்பேற்றார்.

சிறையில் இருந்தபடியே போட்டியிட முடியுமா?

முடியும். தண்டனை பெறாமல் விசாரணைக் கைதியாக இருந்தால் போதும். விசித்திரம் என்னவென்றால், சிறையில் இருப்பவரால் ஓட்டுப் போட முடியாது, ஆனால் ஓட்டுக் கேட்க முடியும். ஓட்டுப் போட முடியாதவர் போட்டியிடவும் முடியாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கிவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் பஞ்சாபின் கதூர் சாகிப் தொகுதியில் அம்ரித்பால் சிங் திப்ரூகர் சிறையிலிருந்தும், காஷ்மீரின் பாராமுல்லாவில் இன்ஜினீயர் ரஷீத் திகார் சிறையிலிருந்தும் வென்றார்கள்.

2001 தேர்தலில் ஜெயலலிதாவின் மனுக்கள் ஏன் தள்ளுபடியாயின?

டான்சி வழக்குதான் காரணம். தமிழ்நாடு சிறுதொழில் நிறுவனத்துக்குச் சொந்தமான கிண்டி நிலத்தை, அவர் முதல்வராக இருந்தபோது, அவர் பங்குதாரராக இருந்த ஜெயா பப்ளிகேஷன்ஸும் சசி எண்டர்பிரைசஸும் வாங்கின. அரசுச் சொத்தை அரசின் தலைவரே வாங்கினார் என்பதும், குறைந்த விலைக்கு வாங்கினார் என்பதும் குற்றச்சாட்டு. 2000 அக்டோபர் 9 அன்று தனி நீதிமன்றம் ஒரு வழக்கில் மூன்று ஆண்டும் இன்னொன்றில் இரண்டு ஆண்டும் தண்டனை விதித்தது. இரண்டு ஆண்டு வரம்பைத் தொட்டாயிற்று. உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது, தீர்ப்பை நிறுத்திவைக்க மறுத்துவிட்டது.

அப்படியும் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு தொகுதிகளில் மனு செய்தார். சட்டப்படி ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்க முடியாது. 2001 ஏப்ரல் 24 அன்று நடந்த பரிசீலனையில் நான்கு மனுக்களும் தள்ளுபடியாயின. தண்டனையும், இரண்டு தொகுதி விதியை மீறியதும் காரணமாகச் சொல்லப்பட்டன.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் அரசியல் மாணவர்கள் படிக்க வேண்டும். தான் எந்தத் தொகுதியிலும் வேட்பாளராக இல்லாத நிலையில், மாநிலம் முழுக்கச் சுற்றி, தன்னைப் பழிவாங்கிவிட்டார்கள் என்று சொல்லி ஓட்டுக் கேட்டார். அ.தி.மு.க. 132 இடங்களில் வென்றது. அதன் கூட்டணிக்கு மொத்தம் 196 இடங்கள்.

போட்டியிடவே முடியாதவர் எப்படி முதல்வர் ஆனார்?

அரசியல் சட்டத்தின் 164(4) பிரிவு, சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவரும் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்கிறது. அதைக் காட்டித்தான் 2001 மே 14 அன்று ஆளுநர் பாத்திமா பீவி அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர் பாத்திமா பீவி. அதனால் சட்டம் தெரியாமல் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த நியமனத்தை எதிர்த்த வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2001 செப்டம்பர் 21 அன்று நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு மாதச் சலுகை, உறுப்பினராகும் தகுதி இருந்தும் உறுப்பினராக இல்லாதவருக்கு மட்டுமே. தகுதியே இழந்தவருக்கு அது கிடையாது. அன்றே ஓ.பன்னீர்செல்வம் முதல்வரானார்.

2001 டிசம்பர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் டான்சி வழக்கிலிருந்து ஜெயலலிதாவை விடுவித்தது. ஆண்டிபட்டி காலியானது. 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் அங்கே வென்று, மார்ச் 2 அன்று மறுபடியும் முதல்வரானார். உச்ச நீதிமன்றமும் 2003 நவம்பரில் அந்த விடுதலையை உறுதிசெய்தது. ஆனால் சும்மா விடவில்லை. பொது வாழ்வில் இருப்பவர் மனசாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கூறி, நிலத்தைத் திருப்பித் தரும்படி சொன்னது.

கோடிக்கணக்கான மக்கள் ஓட்டுப் போட்ட பிறகு ஐந்து நீதிபதிகள் அதை மாற்றலாமா?

2001-ல் நீதிமன்றத்திலேயே இந்த வாதம் வைக்கப்பட்டது. பெரும்பான்மை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவரை ஆளுநர் நியமித்தே ஆக வேண்டும் என்றார்கள். அரசியல் சட்டத்துக்கு முரணாக மக்கள் விருப்பமும் நிற்காது என்பதுதான் நீதிமன்றத்தின் பதிலின் சாரம். நான் அதை முழு மனதோடு ஏற்கிறேன். ஓட்டு ஒருவரை ஆட்சிக்கு அனுப்பலாம், அவர் நிரபராதி என்று அறிவிக்க அதற்கு அதிகாரம் இல்லை. கிண்டி நிலத்தின் விலையை ஆண்டிபட்டி வாக்காளர்கள் விசாரிக்கவில்லை, விசாரிக்கும்படி யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை.

சொத்துக்குவிப்பு வழக்குக்கு ஏன் 18 ஆண்டு ஆனது?

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம் இது.

1996 ஜூனில் சுப்பிரமணியன் சுவாமி புகார் கொடுத்தார். செப்டம்பரில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. மாதம் ஒரு ரூபாய் மட்டும் சம்பளம் வாங்கிய முதல்வர், 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரை வருமானத்துக்கு மேல் 66.65 கோடி ரூபாய் சொத்துச் சேர்த்தார் என்பது குற்றச்சாட்டு. கூடவே சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவர் பெயரும். இதுவரை எல்லாம் வேகமாகவே நடந்தது.

2001-ல் ஆட்சி மாறியது. குற்றம் சாட்டப்பட்டவரின் அரசே இப்போது வழக்கை நடத்த வேண்டிய அரசு. அரசு வழக்கறிஞரை நியமிப்பதும் அதுதான், போலீஸும் அதன் கையில்தான். ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேர் மறுபடியும் கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். பிறழ் சாட்சி ஆனவர்களை அரசுத் தரப்பு குறுக்கு விசாரணை செய்யக்கூட முனையவில்லை. தி.மு.க. பொதுச் செயலாளர் க.அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18 அன்று வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது.

அங்கே போனதும் ஆவணங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது முதல் அரசு வழக்கறிஞர் நியமனம் வரை ஒவ்வொன்றுக்கும் மனு, அந்த மனுவுக்கு மேல்முறையீடு, வாய்தா. 2006-ல் தேர்தல், 2009-ல் தேர்தல், 2011-ல் தேர்தல். 2011-ல் ஜெயலலிதா மறுபடியும் முதல்வர். 2014 செப்டம்பர் 27 அன்று, பரப்பன அக்ரஹாரா வளாகத்தில் கூடிய தனி நீதிமன்றத்தில், நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் நூறு கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். பதவியில் இருக்கும்போதே குற்றத் தீர்ப்பால் பதவி இழந்த முதல் முதல்வர் ஜெயலலிதா.

குற்றம் செய்யவில்லை என்றால் 18 ஆண்டுகள் ஒருவர் மீது அந்தக் கறையைச் சுமத்தியது அநியாயம். செய்தார் என்றால் அந்த 18 ஆண்டுகளில் அவர் ஆண்ட காலமெல்லாம் நமக்கு நேர்ந்த அநியாயம். எந்தப் பக்கம் பார்த்தாலும் தாமதத்தால் ஏமாந்தது மக்கள்தான். தீர்ப்பு வந்தால்தான் தடை என்று சட்டம் சொல்லும்போது, தீர்ப்பைத் தள்ளிப்போடுவதே தேர்தல் உத்தியாகிவிடுகிறது. இதைத்தான் நாம் முதலில் கண்டிக்க வேண்டும். எந்தக் கட்சித் தலைவர் என்பது அதற்குப் பிறகு.

2015-ல் விடுதலையானாரே, அப்போது குற்றம் இல்லை என்றுதானே அர்த்தம்?

கர்நாடக உயர் நீதிமன்றம் 2015 மே 11 அன்று விடுவித்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த கையோடு அதன் பக்கங்களில் ஒரு கூட்டல் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. வங்கிக் கடன்களின் பட்டியலில் பத்து வரிகள். அடியில் கூட்டுத்தொகை 24,17,31,274 ரூபாய் என்று இருந்தது. பத்து வரிகளையும் கூட்டினால் வருவது 10,67,31,274 ரூபாய். பதின்மூன்றரைக் கோடி கூடுதல். கடன் வருமானக் கணக்கில் சேர்க்கப்பட்டதால், வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து வெறும் 8.12 சதவீதம் என்று வந்தது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்ற முந்தைய முன்மாதிரியைக் காட்டி விடுதலை தரப்பட்டது. சரியாகக் கூட்டினால் அந்த அளவு 76 சதவீதத்தைத் தாண்டுகிறது. கால்குலேட்டர் வைத்திருக்கும் யாரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு அது.

அந்த விடுதலையின் பலத்தில் 2015 மே 23 அன்று முதல்வரானார், ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றார், 2016 பொதுத் தேர்தலிலும் ஆட்சியைத் தக்கவைத்தார். டிசம்பர் 5 அன்று மறைந்தார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்துசெய்து, டி'குன்ஹாவின் தீர்ப்பை மீட்டெடுத்தது. மறைந்துவிட்டதால் ஜெயலலிதா மீதான நடவடிக்கை அற்றுப்போனது. மற்ற மூவரும் சிறை சென்றார்கள்.

சசிகலாவுக்குத் தடை எப்போது முடிகிறது?

2021 ஜனவரி 27 அன்று விடுதலையானார். அன்றிலிருந்து ஆறு ஆண்டுகள், அதாவது 2027 ஜனவரி வரை. 2021, 2026 சட்டமன்றத் தேர்தல்கள் இரண்டும் அந்தத் தடைக்குள் வருகின்றன. பிரசாரம் செய்வதற்கோ கட்சி நடத்துவதற்கோ இந்தத் தடை பொருந்தாது.

முன்பெல்லாம் தண்டனை பெற்ற எம்.எல்.ஏ.க்கள் பதவியில் தொடர்ந்தார்களே?

8(4) என்று ஒரு பிரிவு இருந்தது. பதவியில் இருப்பவர் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால், அது முடியும்வரை தகுதி நீக்கம் கிடையாது. பதவி இல்லாதவருக்கு இந்தச் சலுகை இல்லை. 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்துசெய்தது. அதை மீட்க மத்திய அரசு கொண்டுவந்த அவசரச் சட்டத்தைக் கிழித்தெறிய வேண்டும் என்று பத்திரிகையாளர்கள் முன்னிலையில் சொன்னவர் ராகுல் காந்தி. அரசு பின்வாங்கியது. சில நாட்களில் மாட்டுத்தீவன வழக்கில் தண்டனை பெற்று லாலு பிரசாத் எம்.பி. பதவியை இழந்தார். பத்து ஆண்டு கழித்து, 2023 மார்ச்சில், அவதூறு வழக்கில் இரண்டு ஆண்டு தண்டனை பெற்ற ராகுலே மறுநாள் பதவியை இழந்தார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்த பிறகுதான் திரும்பினார்.

மனுவைத் தள்ளுபடி செய்தால் உடனே நீதிமன்றத்துக்குப் போகலாமா?

போகலாம், பயன் இருக்காது. 1952-லேயே நாமக்கல் தொகுதியில் மனு தள்ளுபடியான பொன்னுசாமி என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முடித்துவைத்துவிட்டது. தேர்தல் நடவடிக்கை தொடங்கிவிட்டால் நடுவில் நீதிமன்றம் நுழையாது. முடிவு வந்தபின் 45 நாட்களுக்குள் தேர்தல் வழக்குப் போட வேண்டும்.

இதெல்லாம் அரசியல் பழிவாங்கல்தானே?

சில சமயம் ஆம். ஆனால் பழிவாங்கும் நோக்கத்தில் போடப்பட்ட வழக்கிலும் உண்மை இருக்கலாம். நோக்கத்தையும் ஆதாரத்தையும் தனித்தனியாகப் பார்க்கப் பழக வேண்டும்.

1996 டிசம்பரில் கலர் டி.வி. வழக்கில் ஜெயலலிதா கைதானார். 2000 மே மாதம் அந்த வழக்கில் விடுதலையானார். 2001 ஜூன் 30 அதிகாலையில், மேம்பால வழக்கில், 77 வயதான கருணாநிதியைப் படுக்கையறைக்குள் புகுந்து இழுத்துச் சென்றது போலீஸ். அந்தக் காட்சி தொலைக்காட்சியில் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. அவர் தரப்புக்காரர்கள் மட்டுமல்ல, அவருக்கு ஓட்டுப் போடாதவர்களும் கொதித்தார்கள். ஊழல் விசாரணைக்கு அந்த நள்ளிரவு தேவைப்படவில்லை.

பிரச்சினையின் வேர் விசாரணை அமைப்பு யார் கையில் இருக்கிறது என்பதில்தான். லஞ்ச ஒழிப்புத் துறை மாநில அரசின் கீழ், அமலாக்கத் துறையும் சி.பி.ஐ.யும் மத்திய அரசின் கீழ். ஆளும் கட்சி மாறினால் வழக்கின் வேகமும் மாறுகிறது. அதனால்தான் வழக்கு போட்டாலே தகுதி நீக்கம் என்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

வழக்கும் கைதும் ஓட்டைப் பாதிக்குமா?

நேரடியாகப் பாதித்ததாகச் சொல்வது கடினம். 1996-ல் அ.தி.மு.க. நான்கு இடங்களில் மட்டும் வென்றது. பர்கூரில் ஜெயலலிதாவே 8,366 ஓட்டில் தோற்றார். அப்போது அவர் மீது இந்த வழக்குகள் பதிவாகவே இல்லை. மக்கள் நேரில் பார்த்த ஆடம்பரமும், தி.மு.க.வோடு மூப்பனாரின் த.மா.கா. சேர்ந்ததும்தான் வேலை செய்தன. அதன் பிறகு சிறை, குற்றப்பத்திரிகை எல்லாம் வந்தன. 1998 மக்களவைத் தேர்தலில் அவருடைய கூட்டணி தமிழகத்தில் 39-ல் 30 இடங்களைப் பிடித்தது. 2001-ல் தண்டனையோடு வென்றார். அந்த முறை த.மா.கா., காங்கிரஸ், பா.ம.க., இடதுசாரிகள் எல்லாம் அவர் பக்கம். கருணாநிதி கைதுக்குப் பிறகு வந்த 2004 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி 39 தொகுதிகளையும் அள்ளியது. அப்போது காங்கிரஸும் பா.ம.க.வும் இடதுசாரிகளும் அந்தப் பக்கம் வந்திருந்தார்கள்.

ஆந்திராவைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 9 அன்று திறன் மேம்பாட்டு வழக்கில் சந்திரபாபு நாயுடு கைதாகி ராஜமுந்திரி சிறைக்குப் போனார். ஐந்தாறு நாளில் பவன் கல்யாண் சிறையில் அவரைச் சந்தித்துவிட்டு வெளியே வந்து, வாசலிலேயே கூட்டணியை அறிவித்தார். ஒன்பது மாதத்தில் தெலுங்கு தேசம் மட்டும் 175-ல் 135 இடம். ஜார்க்கண்டில் ஹேமந்த் சோரன் 2024 ஜனவரியில் கைதானார், நவம்பரில் அவருடைய கூட்டணி 81-ல் 56 இடங்களில் வென்றது. பீகாரில் 2015-ல் லாலுவால் நிற்க முடியவில்லை, ஆனால் நிதிஷோடு சேர்ந்து அமைத்த கூட்டணி 178 இடம் எடுத்தது.

மறுபக்கம் கெஜ்ரிவால். 2024 மார்ச்சில் கைது, செப்டம்பரில் ஜாமீன், உடனே முதல்வர் பதவியிலிருந்து விலகி மக்களிடமே தீர்ப்புக் கேட்கப் போவதாகச் சொன்னார். 2025 பிப்ரவரியில் புதுடெல்லித் தொகுதியில் அவரே 4,089 ஓட்டில் தோற்றார். கட்சி 70-ல் 22 இடங்களோடு நின்றது. பத்தாண்டு ஆட்சியின் சலிப்பு இருந்தது, காங்கிரஸோடு கூட்டணி இல்லை.

ஆகவே ஒரு முன்னாள் முதல்வர் மீது குற்றப்பத்திரிகை வந்ததும் "இனி அவர் கதை முடிந்தது" என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள். அனுதாப அலை நிச்சயம் என்று எழுதுபவர்களையும் நம்பாதீர்கள். எதிர்க்கட்சியில் இருந்து கைதானவருக்கு அனுதாபம் கிடைக்கிறது, ஆட்சியில் இருந்து கைதானவர் தன் ஆட்சிக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு ஜார்க்கண்ட் ஒரு விலக்கு. கூட்டணிக் கணக்கு இரண்டையும்விடப் பெரியது.

குற்றச்சாட்டு பதிவான கட்டத்திலேயே தடை விதித்தால் என்ன?

சட்ட ஆணையம் 2014-ல் கொடுத்த 244-ஆவது அறிக்கையில் அப்படித்தான் பரிந்துரைத்தது: ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றத்தில் நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்துவிட்டால் தடை. கடைசி நேரத்தில் வழக்குப் போட்டு எதிரியை வெளியேற்றாமல் இருக்க ஒரு பாதுகாப்பும் சொன்னது. மனு பரிசீலனைக்கு முந்தைய ஓராண்டுக்குள் பதிவான குற்றச்சாட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. 2018 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம், புதிதாகத் தகுதி நீக்கம் ஏற்படுத்துவது தன் வேலை அல்ல, நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும் என்றது. நாடாளுமன்றம் இன்றுவரை செய்யவில்லை.

நான் விரும்புவது வேறு வழி. குற்றச்சாட்டு பதிவான ஓராண்டுக்குள் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான விசாரணையை முடிக்க வேண்டும் என்று 2014 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தனி நீதிமன்றங்களும் அமைக்கப்பட்டன. முன்னாள்களுக்கும் சேர்த்து அதை மட்டும் ஒழுங்காக நடத்தினாலே, அப்பாவி தேர்தலுக்கு முன் விடுதலையாவார், குற்றவாளி தேர்தலுக்கு முன் வெளியேறுவார். கட்சிகளின் வழக்கறிஞர்கள் கேட்கும் ஒவ்வொரு வாய்தாவையும் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

30 நாள் காவலில் இருந்தால் பதவி போகும் என்கிறார்களே?

அது 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் அறிமுகமான 130-ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதா. ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றத்தில் தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால் பிரதமர், முதல்வர், அமைச்சர் பதவி இழப்பார் என்கிறது. நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. பதவியில் இருப்பவர்களைப் பற்றியது மட்டுமே. முன்னாள் முதல்வர் தேர்தலில் நிற்பதை அது தொடவில்லை.

தேர்தல் ஆணையமே தடையைக் குறைக்க முடியுமா?

முடியும், சட்டத்தின் 11-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. சிக்கிமில் பிரேம் சிங் தமாங் ஊழல் வழக்கில் ஓராண்டு சிறை முடித்து 2018 ஆகஸ்டில் வெளியே வந்தார், 2019 மேயில் முதல்வரானார். அந்த செப்டம்பரில் ஆணையம் அவருடைய ஆறு ஆண்டுத் தடையை ஓராண்டு ஒரு மாதமாகக் குறைத்தது. இடைத்தேர்தலில் நின்று வென்றார். முதல்வர் நாற்காலியில் இருப்பவருக்குக் கிடைத்த இந்தச் சலுகை எனக்குச் சரியாகப் படவில்லை.

என் தொகுதி வேட்பாளர் மீது என்ன வழக்கு என்று எங்கே பார்ப்பது?

வேட்புமனுவோடு இணைக்கும் பிரமாணப் பத்திரத்தில், அதாவது படிவம் 26-ல். 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வாக்காளருக்குக் கிடைத்த உரிமை இது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தொகுதி பெயரைப் போட்டால் ஸ்கேன் செய்த பிரதி வரும். சொத்துப் பட்டியலுக்குப் பலர் நேராகப் போகிறார்கள். முதலில் நிலுவை வழக்குப் பகுதியைப் படியுங்கள். முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம், எந்த நீதிமன்றம், எந்தச் சட்டப் பிரிவு, குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா, பதிவானால் எந்தத் தேதியில் என்று வரிசையாக இருக்கும். அந்தக் கடைசித் தேதிதான் முக்கியம். குற்றச்சாட்டு பதிவாகிப் பத்து ஆண்டாகியும் விசாரணை முடியவில்லை என்றால், ஏன் என்று வேட்பாளரிடமே கேளுங்கள். அதோடு, தர்ணா செய்த வழக்கும் சொத்துக்குவிப்பு வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றுதான், தன்மையில் ஒன்றல்ல. சட்டப் பிரிவைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

வேட்பாளர் இந்த விவரங்களைப் பிரசார காலத்தில் மூன்று முறை செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட வேண்டும். வழக்கு உள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம், வழக்கு இல்லாத வேறு ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று கட்சியும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்பது 2020 பிப்ரவரி உத்தரவு. கட்சிகள் எழுதும் காரணங்களைத் தேடிப் படியுங்கள். செல்வாக்கு உள்ளவர், மக்கள் பணி செய்பவர் என்று ஒரே வாசகத்தை எல்லாருக்கும் ஒட்டியிருப்பார்கள். வெற்றி வாய்ப்பு என்பதைக் காரணமாகக் காட்டக் கூடாது என்றும் அதே உத்தரவு சொல்கிறது.

பிரமாணப் பத்திரத்தில் வழக்கை மறைத்தால் என்ன ஆகும்?

125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தப் பிரிவில் தண்டனை பெற்றாலும் தேர்தல் தகுதி போகாது. தகுதி நீக்கப் பட்டியலில் அது இல்லை, ஆறு மாதம் என்பது இரண்டு ஆண்டு வரம்பையும் எட்டாது. தண்டனையைக் குறைந்தது இரண்டு ஆண்டாக்கி, தகுதி நீக்கக் குற்றமாகவும் ஆக்க வேண்டும் என்று அதே 244-ஆவது அறிக்கை பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையும் நாடாளுமன்றத்தில் சட்டமாகவில்லை.